சுவரை உடைக்கும் முன் போர்டைப் பாருங்கள்: பிளக் பொயிண்ட் கேள்வி பதில்

திருகோணமலையில் இருபத்தாறு வருடமாக வீட்டு வயரிங் செய்கிறேன். வீட்டில் புதிதாக பிளக் பொயிண்ட் போடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உப்புவெளி அக்கா ஒருவர்: குசினியில் ஒரே ஒரு பிளக் பொயிண்ட்தான் இருக்கிறது. ரைஸ் குக்கருக்கு இன்னொன்று வேண்டும். பக்கத்து லைட் சுவிட்சிலிருந்து வயர் இழுத்தால் மலிவாக முடியும் என்கிறார் மேசன். செய்யலாமா தம்பி?

வேண்டாம் அக்கா. லைட்டுக்குப் போவது பெரும்பாலும் 1 சதுர மில்லிமீட்டர் வயர். அதற்கு 6 அம்பியர் பிரேக்கர் இருக்கும். ரைஸ் குக்கரை அது தாங்கிவிடும். ஆனால் பிளக் என்று ஒன்று இருந்தால் நாளைக்கு அதில் கேத்தல் செருகுவீர்கள். 2000 வாட் கேத்தல் 9 அம்பியர் அளவுக்கு இழுக்கும், பிரேக்கர் விழத் தொடங்கும். ‘அடிக்கடி விழுகிறதே’ என்று யாரோ வந்து 20 அம்பியர் பிரேக்கரை மாட்டிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு பிரேக்கர் விழாது, சுவருக்குள் வயர்தான் சுடும். பிளாஸ்டிக் உருகிய வாசனை வந்த பிறகு என்னைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. லைட் சுவிட்ச் பெட்டிக்குள் பல வீடுகளில் நியூட்ரல் வயரே, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரே, வராது. அப்போது சிலர் எர்த் வயரை நியூட்ரலாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

பிரேக்கர்கள் இருக்கும் போர்டிலிருந்து தனி லைன் எடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், கடையில் 7/0.67 என்று கேட்டால் தருவார்கள். கூடவே எர்த் வயர், போர்டில் 20 அம்பியர் பிரேக்கர். அந்த லைன் ட்ரிப் சுவிட்சை, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்சை, தாண்டித்தான் வர வேண்டும். பிளக் பொயிண்ட் சிங்கின் ஓரத்திலிருந்து குறைந்தது 30 சென்ரிமீட்டர் தள்ளி இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம்.

திருக்கடலூர் தம்பி: எங்கள் வீட்டில் எர்த் கம்பி இருக்கிறது, பிரேக்கரும் இருக்கிறது. பிறகு ட்ரிப் சுவிட்ச் எதற்கு அண்ணா?

நல்ல கேள்வி தம்பி. நம் வீடுகளில் எர்த் என்பது முற்றத்தில் நாமே இறக்கும் கம்பிதான். கடற்கரை மணல், அதுவும் ஆடி ஆவணியில் காய்ந்து கிடக்கும் மணல், கரண்டை இலகுவில் உள்ளே விடாது. தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் உடம்பில் கரண்ட் ஏறினால் 230 வோல்ட்டை 20 ஆல் வகுக்க 11.5 அம்பியர் வரும். 20 அம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. உடம்பில் கரண்டோடு ஃப்ரிட்ஜ் அப்படியே நிற்கும், குழந்தை வந்து கை வைக்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அந்தக் கசிவிலேயே உடனே விழுந்துவிடும். அதனால் புது பிளக்குக்குச் செலவழிக்கும் முன் எர்த்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் எர்த் கிளாம்ப் பச்சை பூத்துப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் பட்டன் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

கிண்ணியா வாசகர்: மழை தொடங்கினால் ட்ரிப் விழுகிறது. அதைக் கழற்றிவிட்டு நேரே கொடுக்கலாம் என்கிறார்கள்.

கழற்றவே வேண்டாம். எங்கோ தண்ணீர் இறங்குகிறது என்று அது சொல்கிறது. எல்லாப் பிரேக்கரையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் பிழை. பெரும்பாலும் வெளி லைட்டாகவோ கிணற்று மோட்டராகவோ இருக்கும். இப்படிச் செய்து பிழை பிடிபடாவிட்டால் நியூட்ரலில் கசிவு இருக்கலாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது தீராமல் புது பிளக் போடாதீர்கள்.

பாலையூற்றுத் தங்கச்சி: சதுரப் பிளக்கில் இரண்டு கால் சார்ஜர் போகவில்லை. பேனா மூடியை மேல் ஓட்டைக்குள் விட்டுச் செருகுகிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் தங்கச்சி. மேல் ஓட்டை எர்த்துக்குரியது. பிளக்கின் நீளமான எர்த் கால் அங்கே நுழையும்போதுதான் கீழே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மூடியும் திறக்கும். பிள்ளைகள் கம்பி விடக் கூடாது என்றுதான் அந்த மூடியே வைத்திருக்கிறார்கள். பேனாவால் திறந்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும், சார்ஜரும் தளர்ந்து நின்று சூடாகும். சதுரக்கால் சார்ஜர் வாங்குங்கள், இல்லையென்றால் தரமான அடாப்டர் ஒன்று.

உவர்மலைத் தம்பி: யூடியூப் பார்த்து நானே போட்டால் என்ன?

இடம் குறிக்கலாம், சுவர் வெட்டலாம், குழாய் பதிக்கலாம், பெட்டி வைக்கலாம். செலவில் ஒரு பகுதி அங்கேயே மிஞ்சும். ஆனால் குழாயைப் பிளக்குக்கு நேர் மேலாகவோ நேர் கீழாகவோ இறக்குங்கள். சாய்வாகக் கொண்டுபோனால் பின்னால் ஆணி அடிப்பவருக்கு வயர் எங்கே போகிறது என்று தெரியாது. வயரைப் போர்டில் இணைப்பதைப் பயிற்சி பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவர் முடித்ததும் 500 வோல்ட் மெகர் என்ற மீட்டரால் வயரின் இன்சுலேஷன் பார்க்க வேண்டும், லைவும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த மீட்டர் உங்களிடம் இருக்காது.

மெயின் சுவிட்சை இறக்கினாலும் சோதித்துப் பார்க்காமல் பெட்டிக்குள் கை வைக்க வேண்டாம். கூரையில் சோலாரோ, வீட்டில் இன்வெர்ட்டரோ இருந்தால் அந்தப் பக்கமிருந்தும் கரண்ட் வரலாம். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள், திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நியோன் டெஸ்டர் சில நேரம் பொய் சொல்லும்.

நிலாவெளி விருந்தினர் விடுதிக்காரர்: வராந்தாவில் ஒன்று வேண்டும்.

மூடியுள்ள, தண்ணீர் புகாத வகையை வாங்குங்கள். வயரைக் கீழ்ப்பக்கமாகவே உள்ளே எடுங்கள். வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், திறந்து திருகாணிகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.