காய்ச்சல் இல்லாத அழற்சி

ஐயா,
அம்மாவுக்கு 72 வயது. காய்ச்சல், சளி எதுவும் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் இரண்டு முறையும் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிட்டது. 'வயசானா அப்படித்தான்' என்கிறார்கள். எதிர்ப்பு சக்தி கூடட்டும் என்று சொந்தக்காரர் ஒருவர் மாத்திரை டப்பா வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

டப்பாவைப் பிரிக்க வேண்டாம். வயதானால் எதிர்ப்பு சக்தி குறையும் என்பது பாதிதான் உண்மை. புதுக் கிருமியை எதிர்க்கும் வலு குறையும்போதே, கிருமி இல்லாத இடத்தில் அது ஓயாமல் வேலை செய்துகொண்டும் இருக்கும். அந்த ஓயாத வேலைதான் இங்கே அழற்சி.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான், கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள் பழகி வெளியே வருகின்றன. சின்ன வயதிலேயே சுருங்கத் தொடங்கும் அந்தச் சுரப்பி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. இன்னொரு பக்கம், பிரிவதை நிறுத்திவிட்டும் சாகாமல் தங்கிவிட்ட செல்கள் ஐ.எல்-6 போன்ற அழற்சிப் புரதங்களைக் கசியவிடுகின்றன. தொப்பைக் கொழுப்பும் அதையே செய்கிறது. அந்த ஐ.எல்-6 கல்லீரலை எட்டும்போது சி.ஆர்.பி. சுரக்கிறது. இத்தாலியின் கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் சகாக்களும் 2000இல் இதற்கு 'இன்ஃபிளமேஜிங்', அதாவது வயதோடு வரும் அழற்சி, என்று பெயர் வைத்தார்கள்.

இதை மருந்தால் அடக்கலாமே என்று தோன்றும். 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில் அதைச் செய்தே பார்த்தார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்த பத்தாயிரம் பேர் அதில் இருந்தார்கள். கனகினுமாப் என்ற ஊசி ஐ.எல்-1 பீட்டா என்ற ஒரு புரதத்தைத் தடுத்தது, கொலஸ்ட்ராலைக் குறைக்கவில்லை. ஆனாலும் மாரடைப்பு மறுபடி வருவது குறைந்தது. அதே ஊசி போட்டவர்களில் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். மொத்த இறப்பு குறையவில்லை. கூட்டுவதாகச் சொன்னாலும் சரி, அடக்குவதாகச் சொன்னாலும் சரி, எதிர்ப்பு சக்தியில் கை வைக்கும் எதையும் அம்மாவுக்குக் கொடுக்க நான் பயப்படுவது இதனால்தான்.

'வயசானா அப்படித்தான்' என்ற பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை. பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களுக்குத் தொற்றுகளால் அழற்சி நிறையவே உண்டு. ஆனால் இத்தாலியிலும் சிங்கப்பூரிலும் வயதோடு கூடிய அழற்சி, அவர்களிடம் அப்படிக் கூடவில்லை என்று 2025இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் வாழும் விதத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அதனால் இந்த அழற்சி என்ற புகை உடலில் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். என் அத்தை பல் தேய்த்துத் துப்பும் நுரை தினமும் இளஞ்சிவப்பாக இருக்கும். 'பல்லுன்னா ரத்தம் வரத்தானே செய்யும்' என்பார். பல் மருத்துவர் விளக்கடித்துக் காட்டியபோது ஈறு முழுக்க வீங்கிக் கிடந்தது. எத்தனை வருடமோ!

நாளைக் காலை அம்மா துப்புவதைப் பாருங்கள். கால் விரல் இடுக்கில் ஆறாத புண் இருக்கிறதா, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா என்று கேளுங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவையும் பார்த்து, எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.