பழைய டெஸ்க்டொப் கொம்பியூட்டர் பட்டனை அழுத்தினாலும் வேலை செய்யவில்லை. பவர் சப்ளையை மாற்றினால் சரியாகுமா?

மட்டக்களப்பில் கடலோரக் கல்லடிப் பக்கம் வீடு, மெஷினுக்குப் பத்து வயதுக்கு மேல், மாரி முழுக்கப் போடாமல் கிடந்தது, இப்போது அழுத்தினால் விசிறியும் சுற்றவில்லை, லைட்டும் இல்லை, கடையில் பவர் சப்ளை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டி வரலாம். ஆனால் பவர் சப்ளையிலிருந்து வரும் ஊதா வயரில் 5 வோல்ட் இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் வரைக்கும் எதையும் வாங்காதீர்கள். சாதாரண டிஜிட்டல் மீற்றர் ஒன்று போதும்.

அதற்கு முதல் வெளியே பார்க்க வேண்டியவை. மொனிட்டருக்குப் போகும் கேபிளும் கேஸுக்குப் போகும் கேபிளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், இரண்டையும் மாற்றிக் குத்துங்கள். யூ.பி.எஸ் வழியாகப் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரே சுவர் சொக்கெட்டில் போடுங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பற்றரி செத்துவிட்டால் சில யூ.பி.எஸ்கள் கரண்ட் இருந்தாலும் ஒன் ஆகாது. சதுரப் பின் பிளக் என்றால் அதற்குள் இருக்கும் பியூஸைக் கழற்றி மீற்றரால் பாருங்கள். வட்டப் பின்னுக்கு அடப்டர் போட்டிருந்தால் அது தளர்ந்து சூடாகிக் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேஸைத் தொடும்போது சுள்ளென்று அடிக்கிறது என்றால் அநேகமாக அந்த அடப்டரிலோ சொக்கெட்டிலோ எர்த் இல்லை. கொம்பியூட்டர் ஒன் ஆகாததற்கு அது காரணமில்லை. ஆனாலும் முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் கேஸுக்குள் கை வைக்க வேண்டும்.

பவர் சப்ளையின் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது 230இல்தான் இருக்க வேண்டும். ஒன் ஆகவில்லையே என்று அதைத் தள்ளிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. 115இல் வைத்து நம் ஊர்க் கரண்டைக் கொடுத்தால் படாரென்று வெடிக்கும், பிறகு பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

இனி ஊதா வயர். கொம்பியூட்டர் ஓஃப் ஆக இருக்கும்போதும், பிளக்கில் கரண்ட் இருந்தால் பவர் சப்ளை மதர்போர்டுக்கு, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகைக்கு, ஒரு சிறு 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதை மதர்போர்ட் அறிவதே அந்த 5 வோல்ட்டால்தான். கேஸின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். மீற்றரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத தகட்டில் பிடித்து, சிவப்பு முனையை, பவர் சப்ளையிலிருந்து வந்து மதர்போர்டில் குத்தியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்புறமாக ஊதா வயருக்குள் நுழையுங்கள். 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருந்தால் நல்லது. இதில் ஷொக் அடிக்காது, ஆனால் முனை பக்கத்துப் பின்னில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் மின்னைத் தேக்கும் கெப்பாசிட்டரில் தங்கி நிற்கும்.

ஊதாவில் ஒன்றுமே இல்லை என்றாலும் பவர் சப்ளை செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இங்கேதான் வீண் செலவு நடக்கிறது. பிளக்கைக் கழற்றி, 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து பிடுங்கி, திரும்பக் கரண்ட் கொடுத்து, கனெக்டரிலேயே அளந்து பாருங்கள். அப்போது 5 வோல்ட் வந்தால் பவர் சப்ளை பெரும்பாலும் நல்லது, மதர்போர்ட்தான் அதை இழுத்து விழுத்துகிறது. முதலில் முன்பக்க யூ.எஸ்.பி துளைகளைப் பாருங்கள், உள்ளே தகடு வளைந்து ஒன்றோடொன்று முட்டியிருக்கலாம். மதர்போர்டில் அந்தத் துளைகளுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அடுத்த சந்தேகம் லேன் சிப், ரவுட்டர் வயர் குத்தும் துளைக்கான சிப். கொம்பியூட்டர் ஓஃப் ஆக இருந்தாலும் பல மதர்போர்டுகளில் இந்தச் சிப்புக்கு அதே 5 வோல்ட்டிலிருந்துதான் மின் போகிறது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் ரவுட்டர் வயர் வழியாக அடி வாங்கியிருந்தால் சிப் உள்ளுக்குள் ஷோர்ட் ஆகியிருக்கும். பிளக்கைப் போட்டு இரண்டு நிமிடத்தில், லேன் துளைக்குப் பக்கத்துச் சிப் கை வைக்க முடியாமல் சுட்டால் அதுதான். அதை வீட்டில் சரி செய்ய முடியாது.

தனியே அளந்தும் பூச்சியம் என்றால் பவர் சப்ளைதான். 3, 4 வோல்ட் என்று இழுபட்டுக்கொண்டு நின்றால், அல்லது பிளக்கைப் போட்டு அரை மணித்தியாலம் விட்ட பிறகுதான் ஒன் ஆகிறது என்றால், அந்த 5 வோல்ட் சுற்றில் இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. சூடேறும்போது கொஞ்சம் தெளிந்து வேலை செய்யும், நாளாக நாளாக அதுவும் நின்றுபோகும். இலக்ட்ரோனிக்ஸ் பழுது பார்ப்பவர் சிறு செலவில் மாற்றித் தருவார்.

ஊதாவில் 5 இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை என்றால் அதே கனெக்டரில், பவர் சப்ளையை ஒன் ஆகச் சொல்லும் பச்சை வயருக்கு வாருங்கள். சும்மா இருக்கும்போது அதில் 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும், பட்டனை அழுத்தியதும் பூச்சியத்துக்குக் கிட்ட விழ வேண்டும். விழுந்தும் ஒன்றும் சுற்றவில்லை என்றால் பவர் சப்ளையிலோ, அதற்குப் பின்னால் எங்கோ ஷோர்ட்டிலோ குறை. விழவே இல்லை என்றால் முதல் சந்தேகம் முன்பக்கப் பட்டன்தான். உப்புக்காற்றில் அதன் உள்தகடு பச்சை பிடித்துவிடும். மதர்போர்டில் பட்டன் வயரைக் கழற்றி, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூட்ரைவர் நுனியால் ஒரு வினாடி தொட வையுங்கள். ஒன்பது பின் உள்ள கட்டில் பெரும்பாலும் 6, 8ஆம் பின்கள். ஒன் ஆனால் பட்டனை மாற்றினால் போதும், அல்லது ரீசெட் பட்டனின் வயரை அங்கே குத்திப் பாவியுங்கள். நான்கைந்து வினாடி ஓடி நின்றுவிடும் மெஷினிலும் பட்டன் அழுந்தியபடி சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு காலமான மெஷினில் மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சி.ஆர். 2032 பற்றரியையும் அளந்து பாருங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டும். அது செத்தால் திகதி, நேரம் மட்டும்தான் போகும் என்பார்கள், சில பழைய மதர்போர்டுகள் ஒன் ஆகவே மறுக்கும்.

விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றால் அது பெரும்பாலும் ஷோர்ட். ஹார்ட் டிஸ்க், டி.வி.டி., கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பிறகு புரொசெசருக்குப் பக்கத்து நான்கு பின் 12 வோல்ட் கனெக்டரையும் பிடுங்கிப் பாருங்கள். அதைப் பிடுங்கியதும் விசிறி நிற்காமல் சுற்றினால் புரொசெசருக்கு மின் கொடுக்கும் பகுதியில்தான் குறை. அதைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2000களில் வந்த மதர்போர்டுகளில் இது சர்வசாதாரணம். மாற்றுவதென்றால் அதே மைக்ரோபரட், அதே வோல்ட் அல்லது கூட, 105 பாகை என்று போட்டது, லோ ஈ.எஸ்.ஆர். (உள் எதிர்ப்புக் குறைந்த) வகை.

பச்சையையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து விசிறி சுற்றினால் பவர் சப்ளை நல்லது என்று சொல்வதை முழுக்க நம்ப வேண்டாம். பாரம் இல்லாமல் சுற்றும், பாரம் ஏற்றினால் விழும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொழுவிக்கொண்டு 12 வோல்ட் வரும் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரை நிற்கிறதா என்று அளந்தால்தான் கொஞ்சமாவது தெரியும்.

கடைசியில் வாங்கத்தான் வேண்டும் என்றால் ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்ட 500 வோட்டைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினுக்கு 16, 18 அம்பியர் தாராளம். டெல், எச்.பி., லெனோவோ பெட்டிகள் சிலவற்றில் 24 பின்னே கிடையாது, 6, 8, 10, 14 பின் என்று தங்கள் வழியில் போட்டிருப்பார்கள், சிலவற்றில் பெட்டியின் அளவும் வேறு. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். மதர்போர்டுதான் போய்விட்டது என்றால் இந்த வயது மெஷினுக்கு இன்னொன்று தேடிச் செலவழிப்பது வீண். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி யூ.எஸ்.பி கேஸ் ஒன்றில் போட்டு வேறு கொம்பியூட்டரில் குத்துங்கள். இப்படியான பழுதில் உள்ளே இருக்கும் படங்களும் பைல்களும் அநேகமாக அப்படியே இருக்கும்.