பெர்க்லிக்குப் படிக்க வரும் ஆம்பூர்த் தம்பிக்கு

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். துறையில் யாரைப் பார்த்தாலும் நிலப் பயன்பாடு, இன நீதி, சுற்றுச்சூழல் என்றே ஆய்வு செய்கிறார்கள், கறுப்பர் வெள்ளையர் விவகாரத்தில் நமக்கு என்ன வேலை அக்கா என்கிறார். கூடவே, பக்கத்து ஊரான ஓக்லாந்தின் மேற்குப் பகுதியில், அதாவது மேற்கு ஓக்லாந்தில், வாடகை குறைவாக இருக்கிறதே, எடுக்கலாமா என்றும்.

நான் ராணிப்பேட்டைக்காரி, ஓக்லாந்தில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. வாடகையிலிருந்தே வருகிறேன், முதல் கேள்விக்கும் பதில் அதற்குள் இருக்கிறது.

இந்த ஊர் வழியாக இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் போகின்றன. மேட்டுப் பக்கம் வசதியானவர்களின் வீடுகளை ஒட்டி 580. கீழே துறைமுகத்தை ஒட்டி 880. 580-இல் ஓக்லாந்து எல்லைக்குள் நாலரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பல பத்தாண்டுகளாகத் தடை. அப்புறம் துறைமுக லாரியெல்லாம் எங்கே போகும்? 880-இல்தான், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் வாழும் தெருக்களை உரசிக்கொண்டு. கூகுள் கார்களில் கருவி பொருத்தி ஓக்லாந்தின் காற்றைத் தெருத்தெருவாக அளந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே தெருவுக்குள்ளேயே மாசு பல மடங்கு மாறுகிறது என்று அதில் தெரிந்தது. அதனால் வீட்டை எடுக்கலாம், ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து எடுங்கள். கலிபோர்னியா அரசின் கால்என்விரோஸ்கிரீன் வரைபடத்தில் முகவரியைப் போட்டால் அந்தப் பகுதியின் மாசு நிலவரம் தெரியும்.

வாடகை ஏன் குறைவு என்பதற்கு 1930-களுக்குப் போக வேண்டும். வீட்டுக் கடனுக்காக மத்திய அரசு 1933-இல் அமைத்த நிறுவனம் இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பர்கள் வசித்த பகுதிகளுக்குச் சிவப்பு மை, ஆபத்தான இடம் என்று முத்திரை. மேற்கு ஓக்லாந்து சிவப்பு, அதாவது கடன் கொடுக்கத் தயங்க வேண்டிய இடம். வரைபடத்தோடு பகுதி வாரியாக நிரப்பிய படிவங்களில் கறுப்பர் எத்தனை சதவீதம், வேறு யார் ஊடுருவுகிறார்கள் என்று தனிக் கட்டமே உண்டு. ஊடுருவுபவர் பட்டியலில் ஆசியர்களும் இருந்தார்கள், ஆக அந்தக் காலத்தில் நீங்களும் நானும் அந்தக் கட்டத்துக்குள்தான் வந்திருப்போம். நீங்கள் படிக்கப்போகும் பெர்க்லியே 1916-இல் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற வட்டார விதியைக் கொண்டுவந்த ஊர். அது விலக்கிவைப்பதற்கான விதி என்று நகர மன்றம் ஒப்புக்கொள்ள 2021 ஆயிற்று.

சரி, நமக்கு என்ன வேலை? பாலாற்றங்கரைக்காரர் கேட்கிற கேள்வியா இது! சுமார் முப்பத்தைந்தாயிரம் ஹெக்டேர் விளைநிலம் தோல் கழிவால் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்று 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய வழக்குகளில் அது முக்கியமானது, அதன் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. 2015-இல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலிகள், பக்கத்துத் தோல் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

அதற்காக முதல் வகுப்பிலேயே 'எங்கள் ஊர் சாதியும் இதுவும் ஒன்றுதான்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இங்கே பாகுபாட்டை எழுதியே வைத்தார்கள். வரைபடம், பத்திரம், நகராட்சித் தீர்மானம் எல்லாம் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற வரியோடு வீட்டுப் பத்திரங்கள் உட்பட. நம் ஊரில் அப்படியா? 2019-இல் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்த வழியை மறிக்கும்படி எந்த நகராட்சியும் தீர்மானம் போடவில்லை. யார் எந்த வழியில் போகலாம் என்பது எழுதாமலேயே ஊருக்குத் தெரியும். பாலாற்று மாசை ஹெக்டேரில் அளந்தார்கள். ஊர்க் கிணறா காலனிக் கிணறா என்று பிரித்து அளந்தால் என்ன வரும்? இங்கே முறையைக் கற்றுக்கொண்டு அந்தக் கணக்கை எடுங்கள். என்னைக் கேட்டால் ஓக்லாந்தைப் பற்றி நூற்றியோராவது ஆய்வு எழுதுவதைவிட அது மேல்.

ஓக்லாந்தில்தான் செய்வேன் என்றால், முதலில் மேற்கு ஓக்லாந்து மக்கள் தாங்களே நடத்தும் சுற்றுச்சூழல் அமைப்பிடம் போய் உட்காருங்கள். கேள்வித்தாளோடு வந்து போகும் மாணவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். தங்கள் பகுதியின் காற்றுத் திட்டத்தை எழுதியதில் அவர்களுக்கே பங்கு உண்டு.

இன்னொன்று. சுற்றுச்சூழல் நீதி, அதாவது மாசின் சுமை ஏழைகள், சிறுபான்மையினர் தலையில் மட்டும் விழக் கூடாது என்பது குறித்து கிளின்டன் 1994-இல் போட்ட ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்து செய்துவிட்டார். இந்தத் துறைக்கான மத்திய நிதி பலவும் நின்றுபோனது. கிளம்புவதற்கு முன்பே பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டு, உதவித்தொகை எந்த நிதியிலிருந்து வருகிறது, எத்தனை வருடத்துக்கு உறுதி என்று கேட்டுவிடுங்கள். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.