காய்ச்சல் விட்டால் போதாது, பொருக்கு உதிர வேண்டும்

“என்னோடு அறையில் தங்கியிருக்கும் நண்பருக்குக் குரங்கம்மை என்று உறுதியாகி எட்டு நாள் ஆகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது. இனி பழையபடி பழகலாமா? முந்தாநாள்கூட அவருடைய போர்வையைப் போர்த்தினேன். எனக்கும் வருமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

இப்போதைக்குப் பழக வேண்டாம். இந்த நோயில் காய்ச்சலை வைத்து நாள் கணக்கிடக் கூடாது. தோலைப் பார்க்க வேண்டும். கொப்புள நீரில் மட்டுமல்ல, காய்ந்த பொருக்கிலும் வைரஸ் உயிர்ப்போடு இருக்கும். எல்லாப் பொருக்கும் உதிர்ந்து, அடியில் புதுத்தோல் மூடும்வரை தொற்றும். இதற்குப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் ஆகும்.

போர்வை விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. அம்மை வைரஸ்கள் வறட்சியைத் தாங்குபவை. துணியில் ஒட்டிய பொருக்குத் துகளில் பல நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் அவருடைய துணிகளை உதறாதீர்கள். கையுறை போட்டு எடுத்து, சோப்புத்தூளும் வெந்நீரும் விட்டுத் துவையுங்கள். என்றாலும் அதிகம் பரவுவது தோலோடு தோல் உரசும் நெருக்கத்தில்தான். 2022-இல் உலகெங்கும் பரவியதும் பெரும்பாலும் உடலுறவு வழியாகத்தான். நெருங்கி, நெடுநேரம் பேசினாலும் தொற்றலாம் என்பதால் இருவரும் முகக்கவசம் அணியுங்கள்.

கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து 21 நாள் உங்களைக் கவனித்து வாருங்கள். காய்ச்சல், முதுகுவலி, அப்புறம் கழுத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது, கொப்புளம் ஆகியவற்றைப் பாருங்கள். சின்னம்மையில் இப்படி நெறி கட்டுவது குறைவு. ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கொப்புளத்தைத் துடைத்தெடுத்துச் செய்யும் பிசிஆர் சோதனைதான் உறுதி சொல்லும். தடுப்பூசி கிடைக்குமா என்று இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். தொற்றுக்கு ஆளான 4 நாளுக்குள் போட்டால் நல்லது. 14 நாள்வரை போட்டாலும் பயன் இருக்கலாம்.

பெயரைப் பார்த்துக் குரங்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். 1958-இல் டென்மார்க் ஆய்வகக் குரங்குகளில் முதலில் கண்டதால் வந்த பெயர் அது. இயற்கையில் இதைச் சுமப்பவை ஆப்பிரிக்காவின் அணில், எலி வகைகள் என்றே கருதுகிறார்கள். வளர்ப்புப் பிராணி இருந்தால் நண்பரிடம் விடாதீர்கள்.

அவரைத் தனிமையில் தவிக்கவிடாதீர்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, போனில் பேசுங்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ உடனே சொல்லச் சொல்லுங்கள். வைரஸ் கண்ணுக்குப் போனால் பார்வையே பாதிக்கப்படலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.