பவளப்பாறை தேறுகிறதா, நலிகிறதா?

கேள்வி: மன்னார் வளைகுடாவில் வனத்துறை அனுமதியோடு ஆண்டுக்கொரு முறை எங்கள் குழு பவளப்பாறைகளை அளக்கிறது. போன ஆண்டு உயிர்ப்பவளம் 30 சதவீதம், இந்த ஆண்டு 38. பாறை தேறிவிட்டது என்று சொல்லலாமா?

பதில்: இப்போதைக்குச் சொல்லாதீர்கள். இரண்டு ஆண்டும் அளவு நாடாவை ஒரே இடத்தில்தான் விரித்தீர்களா? பவளம் திட்டுத் திட்டாக வளர்வது. நாடாவைக் கொஞ்சம் தள்ளி விரித்தாலே இந்த எட்டு சதவீதம் வந்துவிடும்.

அதனால் நிரந்தரக் கோடுகள் வேண்டும். செத்த பாறையில் (உயிர்ப்பவளத்தில் வேண்டவே வேண்டாம்) இரு முனையிலும் நடுவிலும் துருப்பிடிக்காத கம்பி அடித்து ஜி.பி.எஸ். குறித்துக்கொள்ளுங்கள், இதற்கும் சேர்த்தே அனுமதி கேளுங்கள். 20 மீட்டர் நாடாவுக்கு அடியில் உயிர்ப்பவளம் மொத்தம் 6 மீட்டர் 40 சென்டிமீட்டர் வந்தால், அது 32 சதவீதம். ஒரு தீவுக்கு ஒரு கோடு போதாது, நாலைந்தாவது போடுங்கள்.

மாதமும் மாறக்கூடாது. இங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் நீர் கொதிக்கும். அந்தச் சூட்டில் 2010-லும் 2016-லும் பவளம் பெருமளவில் வெளுத்தது, அதாவது தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்து வெள்ளையானது. வெயிலுக்கு முன் ஒரு முறை, கடல் தெளிந்த பிறகு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளுத்ததைச் செத்த கணக்கில் சேர்க்கிறவர்கள் நிறையப் பேர். கிட்டப் போய்ப் பாருங்கள்: வெள்ளைக் கூட்டின் மேல் கண்ணாடி போலத் தசை இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. செத்திருந்தால் சில வாரங்களில் பச்சையும் பழுப்புமாகப் பாசி ஏறிவிடும். பதிவுத்தாளில் வெளுத்ததற்கும் செத்ததற்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள்.

அப்புறம், சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். வெப்பத்தில் முதலில் போவது கிளைவிடும் அக்ரோபோரா. உருண்டைப் பாறை போன்ற போரைட்டீஸ் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கூட்டுத்தொகை மாறாமலே கிளைப்பவளம் குறைந்துபோயிருக்கலாம். ஆகவே பேரினத்தையும் (அக்ரோபோராவா, போரைட்டீஸா என்று) எழுதுங்கள். 5 சென்டிமீட்டருக்கும் சிறிய குட்டிப் பவளங்களை எண்ணுங்கள். பாறை தேறுகிறது என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல அடையாளம் தெரியாது. குருசடைத் தீவில் பரவிய கப்பாபைகஸ் என்ற கடற்பாசி பவளத்தை மூடிக் கொல்வது. அதைக் கண்டால் அளவையும் படத்தையும் அன்றே வனத்துறைக்குக் கொடுத்துவிடுங்கள், ஆண்டறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.