பழைய காருக்கு எந்த ஸ்டீயரிங் ஆயில்?

கேள்வி: என்னுடையது 2003-ஆம் ஆண்டு கார். காலையில் ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு முனகல் சத்தம் வருகிறது. பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கறுத்துவிட்டது. ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) ஊற்றுங்கள் என்கிறார் ஒரு மெக்கானிக். எல்லா வண்டிக்கும் சேரும் ஆயில் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். அவசரத்துக்கு பிரேக் ஆயிலே போதும் என்கிறார் நண்பர். எதை ஊற்றுவது? நானே மாற்ற முடியுமா?

பதில்: முதலில் நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. ஸ்டீயரிங் பம்ப்பிலும் ரேக்கிலும் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பகுதி) இருக்கும் ரப்பர் சீல்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, உப்பி, இளகிப் போய் நாலா பக்கமும் ஒழுக ஆரம்பிக்கும். தெரியாமல் யாராவது ஊற்றியிருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஸ்டீயரிங் ஆயில் டேங்க்கில் இருக்கும்போதே உறிஞ்சி எடுத்துவிட்டால் பிழைத்தது.

மெக்கானிக் சொன்னது சரியா என்பதை வண்டிதான் சொல்ல வேண்டும். டேங்க் மூடியைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதன் மேலேயே எழுதியிருக்கும். இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்தக் காலத்து டொயோட்டா வண்டிகள் பலவற்றுக்கு ஏடிஎஃப்தான், அதிலும் டெக்ஸ்ரான் (ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த ஏடிஎஃப் தரம்) 2 அல்லது 3. ஹோண்டாவுக்கு அதன் சொந்த ஆயில்தான். வேறு ஆயிலோ ஏடிஎஃபோ ஊற்றினால் தேய்மானம் கூடும், குளிரில் ஸ்டீயரிங் சரியாக வேலை செய்யாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. பிஎம்டபிள்யூவில் இன்னும் வேடிக்கை: ஒரே நிறுவனம், ஆனால் சில மாடல்களுக்கு சிவப்பு ஏடிஎஃப், சிலவற்றுக்கு சிஎச்எஃப் 11எஸ் என்ற பச்சை நிற ஹைட்ராலிக் ஆயில். அதனால் கார் கம்பெனியின் பெயரை வைத்தோ நிறத்தை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். சிவப்பும் பச்சையும் வெறும் சாயம்தான்.

உங்கள் மூடியில் டெக்ஸ்ரான் 3 என்று இருந்தால் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை 2006-ஓடு நிறுத்திவிட்டது. அதன் இடத்துக்கு வந்தது டெக்ஸ்ரான் 6. இது பழையதைவிட இளக்கமான ஆயில். தேய்ந்த பம்ப்புக்கு இளக்கமான ஆயிலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 'டெக்ஸ்ரான் 3-க்கு ஏற்றது' என்று போட்ட ஏடிஎஃப் இன்னும் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். எல்லா வண்டிக்கும் என்று விற்கும் பாட்டிலைப் பொறுத்தவரை, பின்பக்கம் உங்கள் மூடியில் உள்ள பெயர் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் கடையிலேயே இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். இந்த ஆயில் எரிந்தோ ஆவியாகியோ குறைவதில்லை. அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். காலை முனகலுக்கும் அளவு குறைந்து காற்று புகுந்ததுதான் பல நேரம் காரணம். ஹோஸின் இரும்பு முனைகள், பம்ப்பின் அடிப்பகுதி, ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறை, இவற்றைத் தடவிப் பாருங்கள். உறையை அமுக்கும்போது உள்ளே எண்ணெய் சளசளத்தால் ரேக் சீல் போய்விட்டது. அதற்குப் புது ஆயில் வைத்தியம் ஆகாது. ஒழுகலை நிறுத்தும் என்று விற்கும் மருந்தும் சீலை உப்ப வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டும், அவ்வளவுதான்.

ஒழுகல் இல்லை என்றால் நீங்களே மாற்றலாம். ஹோஸைக் கழற்றி மொத்தமாக வடிப்பது ஒரு வழி. அதில் பம்ப் உலர்ந்து ஓடிவிடும் அபாயம் உண்டு. அதற்கு உயவே இந்த ஆயில்தான். வீட்டில் செய்பவருக்கு நான் சொல்வது சிரிஞ்ச் வழி. இன்ஜின் அணைந்திருக்கும்போது டேங்க்கில் உள்ளதை உறிஞ்சிவிட்டு, சுத்தமான துணியால் வாயைத் துடைத்து, குறி வரை புதியதை ஊற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாக முழுசாகத் திருப்புங்கள். கடைசி முனையில் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம். பம்ப்பில் அழுத்தமும் சூடும் எகிறும். ஓரிரு நாள் ஓட்டிவிட்டு மறுபடி உறிஞ்சி ஊற்றுங்கள்.

டேங்க்கில் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு நிற்பதாக வைத்துக்கொண்டால், ஐந்து முறை மாற்றியதும் பழையது 13 சதவீதம்தான் மிஞ்சும். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதாது, இரண்டு வாங்கி வையுங்கள். ஏற்கெனவே தவறான ஆயில் உள்ளே போயிருந்தால் மட்டும் இந்த வழி பத்தாது. மெக்கானிக்கிடம் கொடுத்து மொத்தமாக வடிக்க வேண்டும்.

உறிஞ்சியதில் கொஞ்சத்தை வெள்ளைத் தாளில் விட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மட்டும் என்றால் பழைய ரப்பரும் சூடும் செய்த வேலை. வெள்ளித் தூள் போல மின்னினால் பம்ப்போ ரேக்கோ தேய்கிறது. அப்புறம், சில வண்டிகளில் டேங்க்கின் அடியில் வலை வடிகட்டி இருக்கும். அது அடைத்துக்கொண்டாலும் இதே முனகல் வரும். அந்த மாதிரி டேங்க்கை வடிகட்டியோடு மாற்றுவதுதான் சுலபம்.

மாற்றிய பிறகு டேங்க்கில் நுரை தெரிந்தால் காற்று இன்னும் வெளியேறவில்லை. முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் ஓடாமலேயே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பதினைந்து இருபது தடவை நிதானமாகத் திருப்புங்கள். நடுவில் அளவு இறங்கினால் ஊற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும், அளவு சரியாக இருந்தும், முனகல் தொடர்ந்தால் பம்ப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.