கேள்வி-பதில்: கிரேக்கத் தீவான சாண்டோரினியில் ஒயின் வாங்கப் போகிறவர்களுக்கு

கே: ‘எரிமலைத் தோட்டங்கள், பழங்கிராமங்கள், மூன்று ஒயினரி’ என்ற சுற்றுலா விளம்பரத்தை நம்பி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினோம். இரண்டு ஒயினரிதான் காட்டினார்கள். மெகலோகோரி கிராமத்துக்குப் போகவே இல்லை. பதிலாக ஒரு பரிசுப்பொருள் கடையில் முக்கால் மணி நேரம். பணம் திரும்புமா? (ஒரு தம்பதி, கோவை)

ப: படிக்கும்போதே வயிறு எரிகிறது. முழுப் பணம் கிடைப்பது கடினம். விட்டுப்போனதற்கான பங்கைத் தாராளமாகக் கேட்கலாம். விளம்பரத்தை அவர்கள் மாற்றுவதற்குள் படம் பிடித்து வையுங்கள். எந்த ஊர், எந்த ஒயினரி விடுபட்டது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் புகார் போடலாம். அதற்குக் கெடு உண்டு. பயணக் களைப்பெல்லாம் அப்புறம்.

கே: ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஒயினரிகளைச் சுற்றலாமா?

ப: குடிப்பது ஒயின். பஸ்ஸில் போங்கள்.

கே: செப்டம்பர் கடைசியில் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போனோம். பந்தலும் இல்லை, குலையும் இல்லை. தரையில் முள்ளுப் புதர் மாதிரி ஏதோ கிடந்தது. ஏமாற்றுதானே?

ப: இல்லை. நம்ம தேனிப் பக்கத்துக் கம்பம் ஊர்த் திராட்சைப் பந்தலை நினைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அங்கே அடிக்கிற காற்றில் பந்தல் நிற்காது. அதனால் கொடியைத் தரையோடு கூடை போல வளைத்துச் சுற்றுகிறார்கள். குலூரா என்று பெயர். குலைகள் கூடைக்குள் பத்திரமாக இருக்கும். அறுவடையோ ஆகஸ்டிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். டிக்கெட் போடுமுன் ஐந்து நிமிடம் படித்திருக்கலாமே?

கே: வின்சாண்டோ என்ற இனிப்பு ஒயின் கடைக்குக் கடை நாலு மடங்கு விலை வித்தியாசத்தில் விற்கிறதே, எதை வாங்க?

ப: நானே ஏமாந்த சங்கதி இது. துறைமுகக் கடையில் நீலக் கும்மட்டம் அச்சிட்ட அழகான பாட்டில் வாங்கினேன். வீட்டில் திறந்தால் பாகில் கரைத்த திராட்சைச் சாறு. லேபிளில் தீவு படமாக மட்டும்தான் இருந்தது. எழுத்தில் எங்கும் இல்லை.

‘எரிமலை ஒயின்’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எரிமலை ஒரு திராட்சை ரகம் அல்ல. அங்குள்ள முக்கிய ரகம் அசிர்டிகோ. அசல் வின்சாண்டோவில் அது குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். பழத்தை வெயிலில் உலர்த்தி, ஒயினை மரப் பீப்பாயில் 24 மாதமாவது வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே விளைச்சல் குறைந்த மண்; உலர்த்தினால் சாறு இன்னும் சுண்டிவிடும். மலிவாகக் கிடைக்க வழியே இல்லை. லேபிளில் சாண்டோரினி என்ற பெயரோடு, அந்த ஊர்ச் சரக்குதான் என்று உறுதி சொல்லும் பிறப்பிட முத்திரையைத் தேடுங்கள். கிரேக்க மொழியில் அது மூன்று எழுத்து: கதவு நிலை போல ஒன்று, வட்டம், மறுபடி அதே கதவு நிலை. இத்தாலியின் டஸ்கனியிலும் வின் சாண்டோ உண்டு. அது வேறு சரக்கு. சாண்டோரினி முத்திரையோடு சிவப்பு ஒயின் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அந்த முத்திரை சிவப்புக்குக் கிடையாது.

கே: ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?

ப: தீர்வையில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். 750 மில்லி இரண்டு, 500 மில்லி வின்சாண்டோ ஒன்று, கணக்கு சரி. செக்-இன் பெட்டியில், ஜீன்ஸில் சுற்றி வையுங்கள். வெள்ளை வேட்டியில் சுற்ற வேண்டாம். நான் சுற்றினேன்.